பனியனுக்கு விழுந்த வரி பலசரக்குக் கடையில் இறங்கும்

பட்ஜெட் நாளன்று நம் வணிகர்கள் எதைப் பார்க்கிறோம்? சோப்புக்கு ஏறியதா, எண்ணெய்க்கு இறங்கியதா, பிஸ்கட்டுக்கு என்ன ஆயிற்று என்று நம் கடைச் சரக்கைத்தான் பார்க்கிறோம். ஆடைக்கு வரி என்றால் பனியன் கம்பெனிக்காரர் கவலை, டீசலுக்கு வரி என்றால் லாரிக்காரர் கவலை, மின்சாரம் என்றால் மில்காரர் கவலை என்று பக்கத்தைப் புரட்டி விடுகிறோம். வேறு ஊரில் கடை வைத்திருப்பவர் வேண்டுமானால் அப்படிப் புரட்டலாம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவருக்கு அது கட்டாது. இங்கே பனியன் கம்பெனியின் சனிக்கிழமைச் சம்பளம்தான் ஞாயிற்றுக்கிழமை நம் கல்லாவில் விழுகிறது. கம்பெனியில் அரை ஷிப்ட் குறைந்தால் நம் கடன் நோட்டில் ஒரு பக்கம் கூடுகிறது.

வரி நாடு முழுக்க ஒரே விகிதத்தில் போடப்படலாம். ஆனால் அதன் பாரம் எல்லா ஊரிலும் ஒரே அளவாக இறங்குவதில்லை. எந்த ஊரின் தொழில் அதிகம் வண்டி ஏறுகிறதோ, எந்த ஊர் அதிகம் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறதோ, அந்த ஊரின் மேல் எரிபொருள் வரி அதிகம் உட்காரும். திருப்பூர் அந்த இரண்டையும் செய்கிற ஊர்.

ஒரு பனியன் எத்தனை வண்டி ஏறுகிறது?

பெரிய ஆலைகளில் பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாகி மறு வாசலில் வெளியேறும். திருப்பூரில் பெரும்பாலான சரக்கு அப்படி உருவாவதில்லை. நூல் ஸ்பின்னிங் மில்லிலிருந்து நிட்டிங் கம்பெனிக்கு வரும். அங்கே துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகும். சாயம் ஏறியபின் காம்பாக்டிங். பிறகு கட்டிங். கட்டிங் முடிந்த பீஸ் ஒரு பவர்டேபிளுக்கு, பிரிண்டிங் வேண்டியது ஒரு பட்டறைக்கு, எம்பிராய்டரி வேண்டியது இன்னொரு பட்டறைக்கு. அதன்பின் காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். கடைசியில் ஏற்றுமதிச் சரக்கு என்றால் தூத்துக்குடித் துறைமுகம் வரை லாரி.

ஒவ்வொரு கைக்கும் இடையே ஒரு டெம்போ அல்லது லோடு ஆட்டோ ஓடுகிறது. இதுதான் இந்த ஊரின் பலம். சொந்தமாகப் பெரிய ஆலை இல்லாதவரும் பத்து மிஷின் போட்டு முதலாளியாக முடிந்தது இந்த ஜாப் ஒர்க் முறையால்தான். அதே முறைதான் டீசல் வரிக்கு முன்னால் இந்த ஊரை நெஞ்சைத் திறந்து நிற்க வைத்திருக்கிறது. ஆலைக்குள் துணி ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குப் போனால் வரி இல்லை. ஒரு வீதியிலிருந்து மறு வீதிக்குப் போனால் டீசலோடு வரியும் எரிகிறது.

அடுத்தது சாயம். நொய்யல் ஆறு கெட்டது பற்றி நீண்ட வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடாத முறை வந்த பிறகே பட்டறைகள் மீண்டும் ஓடின. அந்த முறை ஆற்றுக்கு நல்லது. ஆனால் கழிவு நீரை அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி வற்ற வைக்க மின்சாரமும் நீராவியும் ஏராளமாகத் தேவை. ஆகவே எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றின் விலையில் ஏறும் ஒவ்வொரு காசும் திருப்பூர்ச் சாயக் கூலியில் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இரண்டு அரசும் ஒரே பொருளில் கை வைப்பது ஏன்?

பெட்ரோலுக்கு மத்திய அரசு கலால் வரி வாங்குகிறது, மாநில அரசு விற்பனை வரி வாங்குகிறது. இந்தக் கதைக்கு 80 வயதைத் தாண்டிவிட்டது. 1938-ம் ஆண்டு மத்திய மாகாண அரசு பெட்ரோல் சில்லறை விற்பனைக்கு வரி போட்டது. இது விற்பனை வரி இல்லை, கலால் வரிதான். அதைப் போடும் உரிமை எங்களுக்கே என்று மத்திய அரசு வாதாடியது. அப்போது புதிதாக அமைந்திருந்த ஃபெடரல் கோர்ட்டில் மாகாணத்தின் பக்கமே தீர்ப்பாயிற்று. உற்பத்திக்கு மத்திய அரசு, விற்பனைக்கு மாகாணம் என்ற பாகப்பிரிவினை அதனால் உறுதிப்பட்டது. மறு ஆண்டே, 1939-ல், ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. நம் முன்னோர் கடைகளில் கணக்குப் புத்தகத்தின் வடிவத்தையே மாற்றிய சட்டம் அது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்தப் பாகப்பிரிவினை பெரும்பாலான பொருள்களில் முடிந்தது. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தும் வெளியே நிறுத்தப்பட்டன. மின்சாரமும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான். 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பெட்ரோல் டீசலை உள்ளே கொண்டுவரும் நேரம் இது இல்லை என்று முடிவு செய்தது.

வெளியே நிற்பதால் என்ன நஷ்டம்? நூல் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் துணி விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். டீசலுக்குக் கட்டிய வரியை எதிலும் கழிக்க முடியாது. அது ஜாப் ஒர்க் கூலிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அந்தக் கூலியின் மேல் ஜி.எஸ்.டி. போடப்படுகிறது. வரிக்கு வரி என்பது ஒழிந்துவிட்டது என்று மேடையில் சொன்னாலும், எரிபொருளைப் பொறுத்தவரை அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆடைக் கலால் வரி கற்றுக்கொடுத்த பாடம்

பிராண்ட் பெயர் போட்ட ஆயத்த ஆடைகளுக்கு 2001-ம் ஆண்டு பட்ஜெட்டில் 16 சதவிகிதக் கலால் வரி வந்தது. 2003-ல் வரி வலை ஜவுளித் தொழிலின் மற்றப் படிகளுக்கும் விரிந்தது. எதிர்ப்புகளுக்குப் பின் 2004-ல் பருத்தி ஜவுளிக்கு விலக்குப் பெறும் வழி திறக்கப்பட்டது. 2011 பட்ஜெட்டில் பிராண்ட் ஆடைகளுக்கு 10 சதவிகிதக் கட்டாய வரி மீண்டும் வந்தது. சில்லறை விலையில் 60 சதவிகிதத்தை மதிப்பாக எடுத்து அதன்மேல் வரி என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அது 45 சதவிகிதமாகக் குறைந்தது. 2012-ல் வரி 12 சதவிகிதம், மதிப்பு 30 சதவிகிதம் என்றாயிற்று. 2013-ல் மீண்டும் விலக்கு. 2016-ல் 1,000 ரூபாயும் அதற்கு மேலும் விலையுள்ள பிராண்ட் ஆடைக்கு 2 சதவிகிதம் என மறுபடியும் நுழைந்து, 2017-ல் ஜி.எஸ்.டி.யில் கரைந்தது.

காகிதத்தில் பார்த்தால் இது ஆடை வாங்கும் நுகர்வோர் தலையில் விழும் வரி. டெல்லியிலும் பாட்னாவிலும் பனியன் வாங்குபவர் ஆளுக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தால் போதும். நடப்பு வேறு. வரியைக் குறித்த தேதியில் முதலில் கட்ட வேண்டியவர் திருப்பூர் உற்பத்தியாளர். அவருக்கு வெளியூர் மொத்த வியாபாரியிடமிருந்து பணம் வருவதோ இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்து. இடைப்பட்ட நாளுக்கு முதல் எங்கிருந்து வரும்? பவர்டேபிள்காரருக்குக் கொடுக்க வேண்டிய கூலியைத் தள்ளிப்போட்டுத்தான். பவர்டேபிள்காரர் தையல்காரரைக் காக்க வைப்பார். தையல்காரர் நம்மைக் காக்க வைப்பார். பத்து மாநிலத்து நுகர்வோருக்கு என்று போட்ட வரிக்கு முதல் போட்டவர், கடைசியில் கணக்குப் பார்த்தால், திருப்பூர்ச் சந்துக்கடைக்காரர்.

நுகர்பவர் எங்கோ இருக்க, அதிர்ச்சி தொழில் குவிந்த இடத்தில் விழும். அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கான இறக்குமதி வரியை 2025 ஆகஸ்டில் 50 சதவிகிதமாக உயர்த்தியபோதும் இதையே கண்டோம். நியூயார்க்கில் டி-ஷர்ட் வாங்குபவருக்கு முன்னதாகத் திருப்பூரில் ஷிப்ட் கணக்குப் பார்ப்பவருக்குத்தான் அது தெரிந்தது.

டீசலில் வரி எவ்வளவு?

2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்தபோது மத்திய அரசு கலால் வரியை 9 முறை உயர்த்தியது. டீசலில் லிட்டருக்கு 13 ரூபாய் 47 காசு கூடியது. 2020-ல் கொரோனா முடக்கத்தில் எண்ணெய் விலை மீண்டும் விழுந்தது. அந்த மே மாதம் டீசலுக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 10 ரூபாய் என ஒரே இரவில் ஏற்றினார்கள். அதன்பின் 2021 நவம்பரில் டீசலுக்கு 10 ரூபாயும் 2022 மே மாதம் 6 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கூட்டினார்கள். விலை விழுந்தால் அந்தப் பலன் பம்ப்புக்கு வந்து சேராது. விலை ஏறினால் அது முழுதாக வந்து சேரும் என்பதே பெரும்பாலும் நாம் கண்ட அனுபவம்.

மாநில அரசு என்ன செய்தது? தமிழ்நாட்டில் 2020 மே மாதம் டீசல் வாட் வரி 11 சதவிகிதமும் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் என்று மாற்றப்பட்டது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் குறைத்தார்கள். பைக்கில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு அது உதவி. டீசலில் ஓடும் சரக்கு வண்டிக்கு அதனால் பயனில்லை.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2025-ல் ஏறத்தாழ 92 ரூபாய்க்கு விற்ற ஒரு லிட்டர் டீசலில் மத்தியக் கலால் 17 ரூபாய் 80 காசு, மாநில வாட் ஏறக்குறைய அதே அளவு. மொத்தம் 35 ரூபாய். அந்த மத்தியக் கலாலிலும் மாநிலங்களுக்குப் பங்கு வைக்க வேண்டிய அடிப்படை வரி 1 ரூபாய் 80 காசு மட்டுமே என்று 2021 பட்ஜெட்டில் அமைத்தார்கள். அதில் 41 சதவிகிதம், அதாவது 74 காசு, எல்லா மாநிலங்களுக்குமாகச் சேர்த்து. மீதி கூடுதல் வரி, செஸ் என்ற பெயரில் மத்தியிலேயே நின்றுவிடும்.

2008 முதல் சில ஆண்டுகள் நம்மை வாட்டிய மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜெனரேட்டர் ஓட்டாமல் பனியன் கம்பெனி ஓடவில்லை. ஒரு லிட்டர் டீசலில் 3 முதல் 3.5 யூனிட் மின்சாரம் கிடைக்கும். 2025 வரிக் கணக்கில் பார்த்தால், ஜெனரேட்டர் மின்சாரத்தில் வரி மட்டுமே யூனிட்டுக்கு 10 ரூபாய்க்குக் குறையாது.

ரசீதில் தெரியாத வரி

மின் ரசீதில் கட்டணம் வேறு, வரி வேறு. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி மின் நுகர்வுக்குப் பெரும்பாலான இணைப்புகளில் 5 சதவிகித வரி உண்டு. இது கட்டணத்தின் மேல் சதவிகிதமாகப் போடப்படுவதால், கட்டணம் ஏறும்போதெல்லாம் சட்டசபையில் யாரும் கை தூக்காமலே வரியும் ஏறிக்கொள்ளும். 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. 2024 ஜூலையில் 4.83 சதவிகிதம், 2025 ஜூலையில் 3.16 சதவிகிதம் என்று தொடர்ந்தது. 2023 செப்டம்பரில் சிறு தொழிற்கூடங்கள் மாநிலம் முழுக்க ஒருநாள் கதவடைப்பு நடத்தியதற்கு நிலைக் கட்டணமும் உச்ச நேரக் கட்டணமுமே காரணம்.

இன்னொரு வரி ரசீதிலேயே வரவில்லை. 2010-ல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டார்கள். அது 2014-ல் 100, 2015-ல் 200, 2016-ல் 400 ரூபாய் ஆயிற்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் 28 காசு. தூய்மையான எரிசக்திக்கு என்று தொடங்கிய அந்தப் பணம் 2017 முதல் மாநிலங்களின் ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்குப் போனது. 2025 செப்டம்பர் 22-ல் செஸ் நீங்கியது. அன்றே நிலக்கரி ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 சதவிகிதமாக ஏறியது. மின்சாரம் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் மின் உற்பத்தியாளர் அந்த 18 சதவிகிதத்தைக் கழிக்க முடியாது. அதுவும் யூனிட் விலைக்குள்ளேயே தங்கும்.

ஏற்றுமதியாளருக்கு இதில் ஓரளவு நிவாரணம் உண்டு. சரக்குக்குள் ஒளிந்திருக்கும் மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் திட்டம் 2019 மார்ச் முதல் ஆடை ஏற்றுமதிக்கு வந்தது. வரியை ஏற்றுமதி செய்யக்கூடாது என்ற கொள்கை நியாயமானதே. ஆனால் உள்நாட்டுக்கு ஜட்டி, பனியன் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளருக்கு அது கிடையாது. பலசரக்குக் கடைக்காரர் அந்த வரிசையிலேயே இல்லை.

நம் கடைக் கணக்கு

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அந்தச் சுமைகூலியில் வரி எவ்வளவு? காங்கயத்திலிருந்து ஒரு டன் அரிசி சிறு வண்டியில் வருவதாக வைத்துக்கொள்வோம். போக வர 50 கிலோமீட்டர், 4 லிட்டர் டீசல், அதில் வரி 140 ரூபாய். கிலோவுக்கு 14 காசு. பருப்பு 1,200 கிலோமீட்டர் தூரத்திலிருந்து 20 டன் லாரியில் வந்தால் 300 லிட்டர் என்று கொள்ளலாம். கிலோவுக்குச் சுமார் அரை ரூபாய். சர்க்கரையிலும் பருப்பிலும் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் பார்ப்பதற்கே போராடும் நமக்கு அரை ரூபாய் சிறிய தொகை இல்லை. இருந்தாலும் சமாளிக்கக் கூடியது.

சமாளிக்க முடியாதது வேறு. உதாரணத்திற்கு, கடையைச் சுற்றி லைன் வீடுகளில் 50 குடும்பங்கள். ஷிப்ட் கூலி 600 ரூபாய் என்று கொள்வோம். சாயக்கூலியும் வண்டி வாடகையும் ஏறி, ஆர்டர் மந்தமாகி, கம்பெனி வாரத்தில் இரண்டு நாள் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாகக் குறைக்கிறது. குடும்பத்துக்கு வாரம் 600 ரூபாய் போயிற்று. 50 குடும்பத்துக்கு 30,000 ரூபாய். அதில் மூன்றில் ஒரு பங்கு நம் கடைக்கு வர வேண்டியது என்றால், வாரம் 10,000 ரூபாய் ரொக்க விற்பனை காணாமல் போகிறது. அல்லது கடன் நோட்டுக்கு இடம் மாறுகிறது. 14 காசைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே 10,000 ரூபாய் பின்வாசலில் வெளியேறுகிறது.

வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி நிலைமை இன்னும் கடினம். பல இடங்களில் லைன் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்குகிறார். அரசு தரும் இலவச 100 யூனிட்டின் பலன் குடியிருப்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை. பிழைப்பு இல்லையென்றால் அவர் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார். அவர் பெயரில் உள்ள பாக்கியை யாரிடம் கேட்பது?

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவிகிதமாக இறங்கியது. 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கும் 5 சதவிகிதம் என்றாயிற்று. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் 2022 ஜூலையில் பாக்கெட் அரிசி, மாவு, பருப்புக்கு வந்த 5 சதவிகிதம் அப்படியே நின்றது. 25 கிலோவுக்கு மேல் வரி இல்லை என்றதால் 26 கிலோ மூட்டை பிறந்த கூத்தையும் நாம் பார்த்தோம். மேலே சொன்ன பெட்ரோல், டீசல் வரிகளைச் செப்டம்பர் மாற்றம் தொடவில்லை.

பிற நாடுகளில் நடந்தது

1993-ல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் எல்லா எரிபொருளுக்கும் அதன் வெப்ப அளவுப்படி வரி போட முன்வந்தார். எண்ணெய் வளமுள்ள மாநிலங்களும் எரிசக்தியை அதிகம் செலவழிக்கும் தொழில்களும் எங்கள் பகுதிக்கே பாரம் அதிகம் என்று எதிர்த்தன. கடைசியில் பெட்ரோலுக்குக் காலனுக்கு 4.3 சென்ட் வரியோடு விஷயம் முடிந்தது. 2018 நவம்பரில் பிரான்சில் மஞ்சள் சட்டைக்காரர் போராட்டம் வெடித்ததும் எரிபொருள் வரியால்தான். பாரிஸில் மெட்ரோ ரயிலில் போகிறவருக்கு அந்த வரி பெரிதாகத் தெரியவில்லை. வேலைக்குக் காரை நம்பியிருக்கும் சிற்றூர்க்காரருக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே அரசு வரி உயர்வைக் கைவிட்டது.

வரியே வேண்டாமா?

அப்படிச் சொல்வது நேர்மையாகாது. ரேஷன் அரிசியும், 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணமும் வரிப் பணத்தில்தான் நடக்கின்றன. பவர்டேபிளுக்குப் போகும் பெண் தொழிலாளிக்கு மிச்சமாகும் பஸ் காசில் ஒரு பகுதி நம் கடைக்குத்தான் வருகிறது. டீசலை நாளையே ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் மாநிலத்துக்கு வருமானம் சரியும். அந்த ஓட்டையை அடைக்க வேறு வரி நம்மைத் தேடி வரும். நம் கோரிக்கை இதையும் எண்ணிப் பார்த்ததாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, வண்டி வாடகையையும் மின் கட்டணத்தையும் பொதுச் செலவில் கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான் அதிகாரி முன்னால் சங்கம் வாய் திறக்க முடியும்.

இரண்டாவதாக, கடன் நோட்டில் வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே அவர் எந்த வேலை செய்கிறார் என்பதையும் குறியுங்கள். சாயப்பட்டறையா, நிட்டிங்கா, பவர்டேபிளா என்று தெரிந்தால், எந்தப் பிரிவில் வேலை குறைகிறது என்பது இரண்டு வாரம் முன்னதாகவே உங்களுக்குத் தெரிந்துவிடும். கடனுக்கு எல்லை வைக்கவும் அது உதவும்.

மூன்றாவதாக, ஒரே வீதியில் உள்ள நாலு கடை நாலு வண்டி பிடிப்பதை விட்டு, வாரம் ஒரு நாள் சேர்ந்து சரக்கு எடுங்கள். அரை லோடாக ஓடும் வண்டி காற்றுக்கும் வரி கட்டுகிறது.

நான்காவதாக, சங்கத்தின் கோரிக்கை மூன்றாக அமையட்டும். தொழிலுக்கும் வணிகத்துக்கும் பயன்படும் டீசல், மின்சாரம் ஆகியவற்றின் வரிக்குக் கழிவு வேண்டும். ஏற்றுமதிக்குத் திருப்பித் தரும் உள்வரியில் ஒரு பகுதியாவது உள்நாட்டுச் சிறு உற்பத்தியாளருக்கும் ஜாப் ஒர்க்காரருக்கும் வேண்டும். எரிபொருள் வரியை நள்ளிரவில் மாற்றாமல் முன்னறிவிப்போடு மாற்ற வேண்டும்.

இந்தக் கோரிக்கையை நாம் தனியாகக் கொண்டுபோனால் மளிகைக் கடைக்காரர் மனு என்று ஒரு கோப்பில் போய்த் தூங்கும். பனியன் உற்பத்தியாளர்கள், சாயப்பட்டறையாளர்கள், பவர்டேபிள் உரிமையாளர்கள், லோடு வண்டி ஓட்டுநர்கள் ஆகியோரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினால் அது ஒரு வட்டாரத்தின் மனுவாகும். அவர்கள் மிஷின் ஓடினால்தான் நம் தராசு ஆடும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே அந்த மேசையைப் போட வேண்டியது நம் சங்கத்தின் கடமை. கணக்கோடு வந்து உட்கார வேண்டியது நம் ஒவ்வொருவரின் கடமை.